ட்ரிப் சுவிட்சைக் கழற்றாமல் ஓவனைத் திருத்திய அனுபவம்

எங்கள் சமையலறைச் சுவரில் பதித்திருக்கும் மின்சார ஓவனை மின்விசிறிச் சூட்டில் (விசிறி சூடான காற்றைச் சுழற்றும் முறையில்) வைத்தால் ஐந்தாறு நிமிடம் நன்றாக வேலை செய்யும். பிறகு ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருண்டுவிடும். கீழ்ச்சூட்டில் வைத்தால் விழாது. கிரில்லிலும் விழாது. ஓவனை நிறுத்தியிருக்கும்போதும் எந்தத் தொல்லையும் இல்லை.

அக்கா நத்தார் கேக் ஓடர் எடுத்திருந்தார். "ரவை வறுத்தாயிற்று, கஜுவும் வெட்டியாயிற்று. எப்படியாவது இதைச் சரிசெய்து தா தம்பி" என்றார். நத்தார் கேக் குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வேக வேண்டியது. நடுவில் மின்சாரம் போனால் நடுப்பகுதி அமுங்கிவிடும்.

பார்க்க வந்த ஒருவர் ஓவனைத் திறக்கக்கூட இல்லை. "ட்ரிப் சுவிட்ச் பழுதாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு நேரே இணைப்புக் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. லைவில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்ப்பதே அந்தச் சுவிட்சின் வேலை. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது விழுந்துவிட வேண்டும். அந்த அளவுக்கு மேல் மின்சாரம் உடலில் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலையக்கூடும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று சமைக்கும் வீட்டில் அதைக் கழற்றச் சொல்வது ஆலோசனையே அல்ல.

விழுந்தது மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் விழும் எம்.சி.பி. அல்ல, ட்ரிப் சுவிட்ச்தான். ஆகவே இது மின்சாரம் அளவுக்கு மிஞ்சி ஓடும் கோளாறு அல்ல; எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. மின்விசிறிச் சூட்டில் மட்டும் நடப்பதால் சந்தேகம் இரண்டு பேர் மேல்தான்: விசிறி மோட்டார், அல்லது அதைச் சுற்றியிருக்கும் வளைய எலிமென்ட் (சூடு தரும் கம்பி).

மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்ட பிறகே ஓவனைத் தொட்டேன். கதவைத் திறந்தால் சட்டத்தின் இரு பக்கமும் தெரியும் திருகாணிகளை எடுத்ததும் ஓவன் அலமாரியிலிருந்து முன்னே வரும். பாரம் அதிகம், இருவர் பிடிக்க வேண்டும். (இதே துணிவில் யாரும் மைக்ரோவேவ் ஓவனைத் திறந்துவிட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.) வளைய எலிமென்டின் இரு வயர்களையும் கழற்றி, முனைகளை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிவிட்டு, விசிறியை மட்டும் அரை மணி நேரம் ஓடவிட்டேன். சுவிட்ச் விழவில்லை. மோட்டார் தப்பியது.

எலிமென்டின் மேல் 2000 வாட் என்று எழுதியிருந்தது. 230 வோல்ட்டின் வர்க்கத்தை 2000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.5 ஓம். மல்டிமீட்டர் 26 காட்டியது. கம்பி அறவில்லை. எலிமென்டின் உலோக உறைக்கும் முனைக்கும் இடையே அளந்தபோது பல மெகாஓம் வந்தது. இதைப் பார்த்து "எலிமென்ட் நல்லது" என்று மூடிவிட்டால் கோளாறு அங்கேயே இருக்கும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது. எலிமென்ட் வேலை செய்வதோ 230 வோல்ட்டில்.

வயரிங் வேலை செய்யும் மச்சானிடம் மெகர் இரவல் வாங்கினேன். மின்கசிவைத் தடுக்கும் காப்பு எவ்வளவு உறுதி என்பதை அது 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். எலிமென்டின் வயர்கள் கழற்றியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 500 வோல்ட் ஓவனின் மின்னணுக் கடிகாரத்துக்குள்ளும் போய் அதைக் கெடுத்துவிடும். மெகரில் வந்தது வெறும் 0.3 மெகாஓம். ஒன்றுக்குக் குறைந்தால் நம்பக்கூடாது. கீழ் எலிமென்ட் 50ஐத் தாண்டியது. கிரில் 2 மட்டுமே காட்டியது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

காரணம் எங்கள் ஊரின் காற்றுத்தான். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரி தொடங்கினால் உப்பு டப்பாவே நீர்விடும். எலிமென்டின் உறைக்குள் சுருள்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் அடைத்திருக்கும். அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓவனைப் போடாமல் விட்டால் முனைகளின் வழியாக ஈரம் உள்ளே புகுந்துவிடும். சூடேறும்போது அந்த ஈரம் இடம்பெயர்ந்து கசிவைக் கூட்டுகிறது. ஐந்தாறு நிமிடம் கழித்துச் சுவிட்ச் விழுந்ததன் விளக்கம் இதுதான்.

உறையில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் எலிமென்டை மாற்றியே ஆக வேண்டும். இதில் இல்லை. ஆகவே உலர்த்திப் பார்க்கலாம் என்று தீர்மானித்தேன். எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓவனை ஓட்டியே உலர்த்தும் வழியைச் சிலர் சொல்வார்கள். ஓவனின் உடல் முழுவதும் மின்னேறிவிடக்கூடிய வேலை அது, செய்யவே கூடாது. நான் எலிமென்டைக் கழற்றி, பக்கத்துத் தெரு பேக்கரிக்காரரிடம் கொண்டுபோனேன். பாண் எடுத்த பிறகு போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில் ஓர் இரவு வைத்திருக்கச் சம்மதித்தார். "நெருப்புக் கல்லில் படாமல் தட்டில் வைக்கிறேன் தம்பி" என்று அவரே பார்த்துக்கொண்டார். காலையில் ஆறவிட்டு அளந்தேன். மெகரின் முள் 100ஐத் தாண்டி நின்றது. அந்த மகிழ்ச்சியை அளந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

திரும்பப் பூட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. நியூட்ரல் வயரின் முனைக்கவ்வி கறுத்துப்போய், தொட்டாலே ஆடியது. இந்த எலிமென்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஓடும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே நகம் அளவு இடத்தில் 38 வாட் சூடு பிறக்கும். வயர் கருகுவதற்கு அது போதும். கருகிய பகுதியை வெட்டி எறிந்து, சிலிக்கோன் உறையிட்ட வயரும் நிக்கல் பூசிய கவ்வியும் போட்டேன். சாதாரண பி.வி.சி. வயர் 70 பாகை செல்சியசுக்குத்தான். ஓவனின் முதுகில் அது உருகிவிடும்.

இப்போது மின்விசிறிச் சூட்டில் 150 பாகையில் மூன்று மணி நேரம் விழாமல் நிற்கிறது. அக்காவின் முதல் கேக் மேடு பள்ளமின்றி வெந்து வந்தது. மாரி முடியும்வரை வாரம் ஒரு தடவை, கேக் இல்லாவிட்டாலும், 100 பாகையில் அரை மணி நேரம் ஓவனைச் சூடாக்கி வருகிறோம். கிரில் எலிமென்டின் 2 மெகாஓம்தான் இன்னும் மனதில் நிற்கிறது. மச்சானிடம் மெகரைத் தை மாதத்தில் மறுபடி கேட்டிருக்கிறேன். அந்த எண் இன்னும் இறங்கியிருந்தால் அதுவும் போறணைக்குப் போகும்.