இரண்டாவது காராகப் பழைய மின்சார வண்டி: நான் போட்டுப் பார்த்த கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு போய்வர அது போதும். இப்போது தேவைப்படுவது தாம்பரத்தைச் சுற்றி அலுவலகம், பள்ளி, கடைத்தெரு என்று நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஓட்டத்துக்கான இன்னொரு வண்டி. அதற்காகப் பெரிய தொகையை முடக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரையும், 2021 ஆகஸ்டில் வந்த டிகோர் மின்சாரக் காரையும் பழைய வண்டிச் சந்தையில் கவனித்து வருகிறேன்.

பழைய மின்சாரக் கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது பேட்டரி தேய்ந்திருக்குமே என்பதுதான். முதல் நெக்ஸானில் இருப்பது 30.2 கிலோவாட் மணி பேட்டரி; சோதனைக்கூடக் கணக்கில் 312 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள், ஏசி போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால் ஏறத்தாழ 200 கிடைக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தாலும் எங்கள் தினசரித் தேவையைப் போல ஐந்து மடங்கு மிச்சம் இருக்கிறது. ஒரே காரை வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் போக வேண்டியவருக்கு இந்தத் தேய்மானம் பெரிய இழப்பு. இரண்டாவது கார் வாங்குபவருக்கோ அது விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணம், அவ்வளவுதான்.

நான் உண்மையில் அஞ்சுவது படிப்படியான தேய்மானத்தை அல்ல, பேட்டரியின் ஒரு பகுதி திடீரென்று பழுதாகிவிடுவதை. அந்தச் செலவைத் தாங்க உத்தரவாதம் ஒன்றே வழி. இந்த வண்டிகளின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. காலம் முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 2020 தொடக்கத்தில் வாங்கிய வண்டிக்கு அது 2028-இல் முடிந்துவிடும், 2022 வண்டிக்கு 2030 வரை நீளும். இந்த இரண்டு ஆண்டுகளுக்காகச் சற்று அதிகம் கொடுக்கலாம் என்பது என் முடிவு. உத்தரவாதம் தம் பெயருக்கு மாறுமா, சர்வீஸ் தவறாமல் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைச் சர்வீஸ் சென்டரில் எழுத்தாகவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேட்டரியின் நிலையைச் சர்வீஸ் சென்டர் அறிக்கை சொல்லும் என்றாலும், விற்பவர் இசைந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்து, மீட்டரில் எத்தனை யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள முதல் நெக்ஸான், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 26 அல்லது 27 யூனிட் இழுக்க வேண்டும். 21 யூனிட்டிலேயே நிரம்பிவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். திரையில் காட்டும் கிலோமீட்டர் எண்ணைவிட இது நம்பகமானது.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்று பலரும் சொல்கிறார்கள். நம் மாநிலத்தின் மின்கட்டணப் படிநிலைகளைச் சேர்த்துப் பார்த்தால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தவில்லை. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 1,175 ரூபாய் ஆகிறது. கார் 1,800 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 250 யூனிட் கூடி 650 ஆகும். 500 யூனிட்டைத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 35 காசு சலுகை விகிதம் போய்விடுகிறது. மேலே உள்ள யூனிட்டுகள் 8 ரூபாய் 40 காசு, 9 ரூபாய் 45 காசு என்று ஏறுகின்றன. மொத்தக் கட்டணம் 3,350 ரூபாயைத் தொடும். ஆக, காருக்கான செலவு ஏறத்தாழ 2,180 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. இதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் 12,000 ரூபாயை விழுங்கும் என்பதால் ஆதாயம் பெரிதுதான். ஆனால் அது வீட்டில் சொந்த மீட்டரிலிருந்து சார்ஜ் செய்பவருக்கே முழுதாகக் கிடைக்கும். அடுக்குமாடியில் வண்டி நிறுத்தும் இடம் வரை தம் மீட்டரிலிருந்து கம்பி இழுக்கச் சங்கம் சம்மதிக்காத நிலையில் இருப்பவர்கள், முதலில் அந்தச் சம்மதத்தைப் பெற்ற பிறகே வண்டி தேட வேண்டும்.

சென்னையில் வாங்குவோர் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்துவிடக் கூடாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் நின்ற வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. பேட்டரிப் பெட்டிக்குள் நீர் புகாதபடி அமைத்திருந்தாலும் இணைப்புகளிலும் இருக்கைக்கு அடியில் ஓடும் கம்பிகளிலும் துரு மெல்ல வேலை செய்யும். இருக்கை நகரும் தண்டவாளத்தையும் தரைவிரிப்பின் அடிப்புறத்தையும் பார்ப்பதோடு, காப்பீட்டில் இழப்பீடு கோரப்பட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் பதிவெண் பலகையின் வரலாற்றைக் கேட்க வேண்டும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. டாக்சி நிறுவனங்களுக்கென்று விற்கப்பட்ட எக்ஸ்பிரஸ்-டி, பார்வைக்கு டிகோரைப் போலவே இருக்கும்; ஆனால் அதன் தொடக்க வகைகளில் பேட்டரி 21.5 கிலோவாட் மணியும் அதற்குக் குறைவும்தான், டிகோரிலோ 26. பகலெல்லாம் ஓடி, வேக சார்ஜரிலேயே நிரப்பப்பட்ட வண்டியைப் பின்னர் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றி விற்பதும் உண்டு. ஆகவே பதிவுச் சான்றில் முதல் உரிமையாளர் யார் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன்.

பழைய வண்டியின் விலையைப் புதிய வண்டியின் இன்றைய விலையோடுதான் ஒப்பிட வேண்டும், முதல் உரிமையாளர் அன்று கொடுத்த தொகையோடு அல்ல. 2024 பிப்ரவரியில் நெக்ஸானின் விலை 1.2 லட்சம் வரையிலும் டாடாவின் சிறிய மின்சாரக் காரான டியாகோவின் விலை 70,000 வரையிலும் குறைக்கப்பட்டன. அந்தக் குறைப்புக்குப் பின் புதிய டியாகோ 7.99 லட்சத்திலிருந்து தொடங்கியது. எனவே 2022 நெக்ஸானோ டிகோரோ புதிய டியாகோவின் இன்றைய விலையைவிட 2 லட்சமாவது குறைவாக, வெள்ளம் பார்க்காமல், சொந்தப் பலகையோடு கிடைத்தால் வாங்கிவிடுவேன். அந்த இடைவெளி ஒரு லட்சத்துக்குக் கீழே போனால், முழு 8 ஆண்டு உத்தரவாதத்தோடு வரும் புதிய டியாகோவையே எடுப்பேன்.