பச்சை மையில் எழுதிய கையுறை

ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' (1951) நாவலைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டில் உட்கார்ந்து நான் எழுதிய முதல் பயிற்சிக் கட்டுரைக்குக் கிடைத்தது 25க்கு 9. பொறுப்பில்லாதவன், பொய்யன், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுபவன் என்று கதையைச் சொல்லும் நாயகன் ஹோல்டனை மூன்று பக்கம் திட்டியிருந்தேன். நான்கு பாடங்களில் தோற்று, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன்தானே! விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "ஆலி எங்கே?"

ஆலி அவன் தம்பி. 1946 ஜூலையில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவன். அன்றிரவு ஹோல்டன் கார் கொட்டகையில் படுத்து, ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் உடைக்கிறான். அப்போது அவனுக்கு வயது 13. கதை நடக்கும்போது 16, சொல்லும்போது 17. ஆனாலும் சில சமயம் 13 வயதுப் பையனைப் போல நடந்துகொள்வதாக அவனே சொல்கிறான். இந்த இரண்டு பதின்மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அவன் எனக்குப் பிடிபட்டான்.

எங்கள் லயத்தில் ஒரு பையன் இருந்தான். தாயை இழந்தவன். அவர் பால்மரம் சீவப் போகும்போது நெற்றியில் கட்டிய விளக்கைப் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவான். பேட்டரி கூடக் கிடையாது. உருப்படாதவன் என்றுதான் எல்லோரும் அவனைச் சொன்னோம், நானும் சொன்னேன். ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றிப் படித்தபோது அந்த விளக்கு நினைவுக்கு வந்து, வெகுநேரம் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. பந்தடிக்க ஆள் வராத நேரத்தில் படிப்பதற்காக ஆலி அந்தக் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். அறைத்தோழனுக்காக எழுதிய கட்டுரையில் ஹோல்டன் அதைத்தான் வர்ணிக்கிறான். அந்தத் தோழன் குறை சொன்னதும் ஹோல்டன் அதைக் கிழித்தெறிந்துவிடுகிறான்.

ஆகவே விடைத்தாளில் 'அவன் மனம் நொந்தவன்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். கையுறையை எழுதுங்கள், கண்ணாடி உடைத்து, மழை பெய்தால் இன்றும் அவ்வப்போது வலிக்கும் அந்தக் கையை எழுதுங்கள். கதைச்சுருக்கத்துக்கு நான்கு வரி போதும்.

தேர்வுக்கு முந்தைய இரவு, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருவையும் கடக்கும்போது, தான் மறைந்துபோகாமல் காக்கும்படி ஆலியிடம் அவன் கெஞ்சும் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அம்மா பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழும் நேரம்வரை நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.