கோபம் போகும் இடமும் பிழை இருக்கும் இடமும்

பத்திரிகையில் ‘வாழ்த்துக்கள்’ என்று தலைப்பு வந்தால் அன்று காலையே தொலைபேசி மணி அடிக்கும். ‘வாழ்த்துகள்’ என்று போட்டாலும் அடிக்கும், அழைப்பவர்தான் வேறு. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின், அதாவது ‘வாழ்த்து’ போல வல்லின மெய்யை அடுத்த உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின், வல்லினம் மிகும், அது நன்னூல் விதி என்பார் ஒருவர். சொல்லோடு சொல் சேரும்போதுதான் அந்த விதி, ‘கள்’ வெறும் விகுதி என்பார் மற்றவர். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எப்படி எழுதினாலும் பொருள் மாறப்போவதில்லை என்பதால், அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பு மேசை ஏதாவது ஒன்றை முடிவுசெய்து எல்லாப் பக்கங்களிலும் அதையே போட்டால் போதும். ‘அது சரியல்ல’ என்பதை ‘சரியன்று’ என்று திருத்தச் சொல்பவர்களும் இலக்கணப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ‘அல்ல’ இன்று ஒருமைக்கும் வேரூன்றிவிட்டது, நாளிதழில் அதை விட்டுவிடலாம்.

அழைப்பவர்கள்மீது குறையில்லை. மொழிமீது பற்று இல்லாதவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? வருத்தமெல்லாம், அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்பதுதான். அதே பக்கத்தில் ‘கைதான ஆசிரியரின் மகன்’ என்று படக்குறிப்பு இருக்கலாம். கைதானது ஆசிரியரா, மகனா? ஒருவருடைய மானம் இந்தச் சொல்வரிசையில்தான் தொங்குகிறது. பெயரெச்சத்துக்குப் பின் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தால், அது எதைத் தழுவுகிறது என்பது குழம்பிவிடும். ‘ஆசிரியரின் மகன் கைது’ என்று மாற்ற அரை நிமிடம் ஆகாது. ‘புதிய மாணவர் விடுதி’யும் இதே வகை. புதியவர்கள் மாணவர்களா, புதியது விடுதியா? ‘மாணவர்களுக்கான புதிய விடுதி’ என்றால் தீர்ந்தது. பெயர், எண், தேதி மூன்றையும் சரிபார்த்த கையோடு தேடவேண்டியது இதைத்தான். ஒற்றெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது பயனிலை. ‘புயலில் 50 மரங்கள் வேரோடு சாய்ந்தது’ என்பது அன்றாடம் வரும் பிழை. பேச்சில் ‘மரமெல்லாம் சாஞ்சிருச்சு’ என்றுதான் சொல்கிறோம், அஃறிணைப் பன்மைக்குத் தனி முற்று இல்லை. அந்தப் பழக்கம் எழுத்திலும் ஏறிவிடுகிறது. எழுவாய் முதல் வரியிலும் பயனிலை நான்காம் வரியிலும் இருந்தால் கண் ஏமாந்துபோகும். அதனால் முற்றுப்புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். வினைமுற்றைத் தொட்டு ‘எது, எவை, யார்’ என்று கேட்டுக்கொண்டே எழுவாயைப் பிடித்தால், சாய்ந்ததா சாய்ந்தனவா என்பது தெரிந்துவிடும். ‘ஒவ்வொரு பள்ளிகளிலும்’ என்பதும் இந்தச் சுற்றிலேயே அகப்படும். ‘ஒவ்வொரு’ வந்தால் ‘பள்ளியிலும்’தான்.

ஒற்றில் கணினியிடம் விடக்கூடியது கொஞ்சம்தான். ‘அந்த’, ‘இந்த’, ‘எந்த’ ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் மிகும். பிறமொழிப் பெயர்களை மட்டும் கவனித்துக்கொண்டு, மற்றவற்றைத் தேடி மாற்றிவிடலாம். இரண்டாம் வேற்றுமையில் அது நடக்காது. ‘கதவைத் திற’ என்பதில் ஐ உருபு, எனவே மிகும். ‘மழை பெய்தது’ என்பதில் அந்த ஐ சொல்லின் பகுதி, எனவே மிகாது. ‘அவரை கொடுத்தார்’ என்றால் கொடுத்தது காய். ‘அவரைக் கொடுத்தார்’ என்றால் ஒரு மனிதரை. வினையெச்சத்திலும் கண்தான் வேலை செய்ய வேண்டும். ‘கேட்டுச் சொன்னார்’ என்பதில் ஈற்று உகரத்துக்கு முன்னால் வல்லின மெய் இருப்பதால் மிகும். ‘வந்து சொன்னார்’ என்பதில் மெல்லினம், மிகாது.

‘சுவற்றில்’ என்று எழுதுபவர்கள் கிணற்றையும் வயிற்றையும் பார்த்து எழுதுகிறார்கள். அவை கிணறு, வயிறு என்று ‘று’வில் முடிபவை, அதனால் ஒற்று இரட்டிக்கிறது. இது சுவர், ஆகவே ‘சுவரில்’.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ஔவை என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுவார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய கோப்புகளிலும் இது வரும். ‘கௌ’, ‘சௌ’ போன்ற ஔகார உயிர்மெய்யிலும் இதே கதை: ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்துமாக நிற்கும். பிழை என்று கண்டதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றக்கூடாது. வெள்ளம், தெளிவு, கெளுத்தி என்று கொம்பும் ளகரமும் முறையாகவே வரும் சொற்களெல்லாம் சிதைந்துவிடும். ஒவ்வோர் இடமாக நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். நூலாக இருந்தால், பெயரடைவு தயாரிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே சௌந்தரம் அடைவில் இரண்டு இடங்களில், வெவ்வேறு பக்க எண்களோடு நிற்பார்.