உப்பளத்து வெயிலை எங்கே நின்று அளப்பது?

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். சித்திரை பிறந்ததும் மேஸ்திரிமார் செல்போனைப் பார்த்து, "இன்னைக்கு 36தான் மேடம், வேலையை ஓட்டிரலாம்" என்பார்கள். அந்த 36 நிழலில் எடுத்த காற்றின் சூடு. வெயிலில் சுமை தூக்குகிறவருக்கு அது கணக்கே இல்லை.

பார்க்க வேண்டியது டபிள்யூபிஜிடி (WBGT) என்ற வெக்கை அளவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20, சாதாரண வெப்பமானியில் 10, மூன்றையும் கூட்டினால் வருவது. ஈரத்துக்கு இவ்வளவு பங்கு ஏன் என்றால், வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் அது காயாமல் வழிந்தே போகும். கடினமான வேலைக்கு இந்த அளவில் 27.5 டிகிரி தாண்டினாலே ஆபத்து என்று ஆய்வுகளில் வைத்துப் பார்க்கிறார்கள்.

என் சித்திக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. பாத்தியில் வாரிப்போட்ட உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். மேலே வெயில், கீழே உப்பு திருப்பி அடிக்கிற வெளிச்சம். பாத்திக்குப் பக்கத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் முதலாளி கூரை போட்டுத்தான் ஆக வேண்டும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரை 2017 முதல் 2020 வரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானோர் வரம்பை மீறிய வெக்கையில்தான் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வலியில்லாமல் வருகிற பாதிப்பு இது, இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கர்ப்பிணிகள் 800 பேரை வைத்து அதே குழு செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது: வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரு மடங்கு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தளங்களில் சித்தாள் வேலைக்கு வரும் பெண்களிடம் இதைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை.

"நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று போஸ்டர் ஒட்டுகிறோம். சித்தியிடமும் சொன்னேன்.

"குடிக்கச் சொல்லுத, சரி. குடிச்சா ஒதுங்க எங்க போவ? வரப்பு பூரா ஆம்பளையாளுவல்லா நிக்காவ."

காலையில் வீட்டில் ஒரு செம்பு, அதற்கப்புறம் மத்தியானம் வரை தொண்டை நனைக்கிற அளவுதான். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆக, சிறுநீரகத்தைக் காப்பாற்ற முதலில் கட்ட வேண்டியது கழிப்பறை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல முடிவுதான், ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம். பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற சிறுநீரகம் அந்தக் கணக்கில் வராது.

நிழல் கொடுத்தால் உற்பத்தி படுத்துவிடும் என்பவர்களுக்கு மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் கரும்புத் தோட்டத்தைக் காட்டுவேன். அங்கே தண்ணீர், நகர்த்திக்கொள்ளும் நிழல் பந்தல், இடையிடையே ஓய்வு, கைக்கு வாகான வெட்டுக்கத்தி கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. அந்தப் பந்தலை உப்பளக் கரையிலும் போடலாம். பக்கத்திலேயே தண்ணீரோடு ஒரு கழிப்பறை, வருடம் ஒரு தடவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை. இந்தக் கோடைக்கு முன்னால் இதைத் தொடங்க எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.