ஆர்.சி.சி.பி. விழும் வீடு: சில நாள் குறிப்புகள்

ஏப்ரல் 4

அக்கா போனில் அழைத்தாள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வீடு முழுக்க மின்சாரம் போய்விடுகிறதாம். எல்லா நாளும் இல்லை, சில நாள் மட்டும். பெட்டியை மாற்றிப் பார்த்தாள், புதியதிலும் அப்படியே.

“விழுவது எது?” என்று கேட்டேன். போர்டில் வரிசையாக நிற்கும் ஒல்லியான தானியங்கி சுவிட்சான எம்.சி.பி. விழுந்தால், அதாவது தானாகத் துண்டித்தால், சுமை கூடிவிட்டது, அல்லது பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) எங்கோ நேராக ஒட்டிக்கொண்டன. அவள் வீட்டில் விழுவது டெஸ்ட் பொத்தான் வைத்த அகலமானது, அதாவது மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அது சுமையைப் பார்ப்பதில்லை. பேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்பது மட்டுமே அதன் கணக்கு. வீடுகளில் வைக்கும் 30 மில்லி ஆம்பியர் வகை, 15 வரை கசிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 30 கசிந்தால் துண்டித்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம்.

புதிய பெட்டியிலும் விழுகிறது என்றால் பெட்டியைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாளில் குறித்து வைக்கச் சொன்னேன்: விழுந்த நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்தவை, கடைசியாகப் போட்டது எது. பழுது பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இந்தத் தாள் எந்தக் கருவியைவிடவும் உதவும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் விழுந்தால் அதன் ஹீட்டர். பிரிட்ஜ் உறைபனியை உருக்கத் தொடங்கும்போது விழுந்தால் உள்ளே இருக்கும் சிறிய ஹீட்டர். மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வெளிச்சுவர் விளக்கு.

ஏப்ரல் 7

யாரோ ஒருவர் அக்காவிடம், “அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம், தொல்லை தீரும்” என்றாராம். இன்னொருவர் பிளக்கின் எர்த் பின்னை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் பின்னை, எடுத்துவிடச் சொன்னாராம். கேட்டதும் கோபம் தலைக்கேறியது. எர்த்தை எடுத்துவிட்டால் கசிவு நிற்காது. வெளியேற வழியில்லாமல் உலோக உடம்பிலேயே காத்திருக்கும். அடுத்து அதைத் தொடுபவரின் உடல்தான் வழி.

சார்லஸ் டால்சீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பிடித்த கம்பியைக் கை விட முடியாமல் போகும் அளவைத் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. இதே வகைக் கருவி ஒன்றை 1961-இல் அவரே உருவாக்கினார். 30 மில்லி ஆம்பியர் கசிவில் 0.3 நொடிக்குள், 150-இல் 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு முன்னால் மின்சாரம் நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே இந்த அளவுகள். அதைக் கழற்றச் சொல்பவரை இனி வீட்டுக்குள் விடாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9

தாள் வந்தது. இஸ்திரிப் பெட்டி தனியாக ஓடியபோது ஒரு முறைகூட விழவில்லை. மின்கெட்டிலும் சேர்ந்து ஓடும்போது விழுகிறது. பெட்டியே இல்லாமல் கெட்டிலும் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்தபோதும் விழுந்திருக்கிறது. பொதுவாக இருப்பது ஒரு பொருள் அல்ல, மொத்தச் சுமை. சுமையைப் பார்க்காத கருவி சுமை கூடினால் ஏன் விழ வேண்டும்? எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொள்கின்றன என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 11

நேரில் போனேன். “எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன் தம்பி, அப்புறமும் விழுந்தது” என்றாள் அக்கா. அவள் அணைத்தது சுவிட்சை. பெரும்பாலான சுவிட்சுகள் பேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். பிளக்கை உருவினால்தான் பொருள் முழுமையாக விலகுகிறது.

ஒவ்வொன்றாக உருவினேன். குளியலறையில், உயரத்தில், கோடை தொடங்கியதிலிருந்து யாரும் தொடாத வாட்டர் ஹீட்டரின் பிளக்கை உருவிய பிறகு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மைக்ரோவேவ் மூன்றையும் சேர்த்துப் போட்டேன். விழவில்லை. ஹீட்டர் பிளக்கை மீண்டும் செருகினேன், சுவிட்சைத் தொடவில்லை. உடனே விழுந்தது.

உருவிய பிளக்கின் நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்தேன். எதுவும் காட்டாமல் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 40 ஓம். வீட்டின் சுமை முழுவதும் திரும்பும் வழி நியூட்ரல் என்பதால், சுமை ஏற ஏற நியூட்ரல் எர்த்தைவிட ஓரிரு வோல்ட் உயரும். 1 வோல்ட் உயர்ந்தால் அந்த 40 ஓம் வழியே 25 மில்லி ஆம்பியர் எர்த்துக்குள் நழுவும். சில நாள் தாங்கும், சில நாள் தாங்காது. ஒன்றரை வோல்ட் என்றால் 37-ஐத் தாண்டிவிடும். தாளில் இருந்த புதிர் அத்தனையும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

ஏப்ரல் 12

தண்ணீரை வடித்துவிட்டு ஹீட்டர் காயிலைக் கழற்றினேன். சுண்ணாம்புப் படிவு தடித்த ஓடுபோல் ஏறியிருந்தது. அதைச் சுரண்டியதும் நியூட்ரல் முனைக்கு அருகே குழாயில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். காய்ந்திருக்கும் வரை அருமையான காப்பு. வெடிப்பு வழியாக நீர் புகுந்து அந்த இடத்துத் தூள் களிம்பாகிவிட்டது. வெறும் ஈரப்பதம் ஏறிய காயில் என்றால் உலர வைத்துப் பிழைக்க வைக்கலாம். வெடித்ததற்கு மாற்று ஒன்றுதான், புதிய காயில்.

ஏப்ரல் 15

புதிய காயில் பொருத்தியாகிவிட்டது. மல்டிமீட்டரின் சில வோல்ட் அழுத்தத்துக்கு மெல்லிய கசிவுகள் பிடிபடாது. அதனால் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகப் பிடித்து எர்த்துக்கு எதிராக, 500 வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்தேன். 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரட்டைத் துருவ சுவிட்சையும் ஹீட்டருக்குப் போட்டேன்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அக்காவையே அழுத்தச் சொன்னேன், உடனே விழுந்தது. பொறி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு மட்டும் அது சான்று, எர்த் கம்பி சரியாக இருப்பதற்கு அல்ல. எர்த்தை அளக்க அடுத்த வாரம் போகிறேன்.