தேசியத் துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் சேரலாமா?

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப்புக்கு இப்படி ஒரு செய்தி வரும்: நமக்காக டெல்லியில் பேச ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது, சந்தா கட்டிச் சேருங்கள். சேரலாம், தப்பில்லை. எதை எதிர்பார்த்துச் சேருகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சங்கம் பேசுவது சட்டத்தைப் பற்றி. உங்கள் ஃபைல் தூங்குவது சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ, கலெக்டர் ஆபீஸில்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் 1871-ல் தொடங்கியது. தேர்தலில் யாரை ஆதரிப்பது என்று சொல்லும் அளவுக்கு அரசியல் பலம் உள்ளது. இந்தியாவின் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் 1951-ல் வந்தது, முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர். இது துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கான விளையாட்டு அமைப்பு. உங்கள் லைசென்ஸை மறுத்தால் கேட்பதற்கு இது வராது. உரிமையாளர்களுக்காகப் பேசுவது நேஷனல் அசோசியேஷன் ஃபார் கன் ரைட்ஸ் இந்தியா போன்ற தனி அமைப்பு. சந்தா எந்தப் பெயருக்குப் போகிறது என்று பார்த்துக் கட்டுங்கள்.

அமெரிக்காவில் நடப்பது இங்கே நடக்கும் என்று நினைத்துச் சேர்பவர்களும் உண்டு. அங்கே ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கிய அரசியல் சாசனத்தின் 2-வது திருத்தம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். இங்கே 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. ஆகவே நம்மிடம் இருப்பது அனுமதி மட்டும்.

அந்த அனுமதியில் உரிமைக்குக் கொஞ்சம் கிட்டே வரும் இடம் 1959 ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே சுழல் பள்ளம் வெட்டாத (ஸ்மூத் போர்) துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதபோது அதிகாரி லைசென்ஸ் தரவேண்டும் என்றுதான் வாசகம் இருக்கிறது. ரிவால்வர், ரைபிள் கேட்டால் நீங்கள் நல்ல காரணம் காட்டியாக வேண்டும். 14(2) பிரிவையும் படித்து வையுங்கள்: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து லைசென்ஸ் மறுக்கக் கூடாது. 'உங்களுக்கு எதற்குங்க துப்பாக்கி, என்ன சொத்து இருக்கு?' என்று கேட்கும் எழுத்தருக்கு இந்தப் பிரிவுதான் பதில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய அந்தக் கடிதம் கையில் இருக்கவேண்டும். வாய்மொழியாக 'முடியாதுங்க' என்று சொன்னதை எந்தச் சங்கமும் எதிர்த்து வாதாட முடியாது.

தேசிய அமைப்புகளுக்கு வேலை இருப்பது சட்டம் எழுதப்படும் நேரத்தில். 2019 நவம்பரில் வந்த திருத்த மசோதாவில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கச் சொல்லியிருந்தது. துப்பாக்கி சுடும் வீரர்களும் உரிமையாளர்களும் எதிர்த்தார்கள். அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரிந்தர் சிங்கும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் நிறைவேறியபோது ஒன்று, இரண்டாகியிருந்தது. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. எண்ணிக்கையில் கிடைத்த அந்த ஒரு துப்பாக்கி, எதிர்ப்புக்குக் கிடைத்த பலன். கலெக்டர் ஆபீஸ் படியேறி அதை வாங்கியிருக்க முடியாது. அடுத்த திருத்தம் வரும்போது வரைவைப் படித்து, பிரிவு வாரியாக ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். சந்தா அதற்குத்தான்.

செட்டிநாட்டில் இந்தச் சட்டம் கடித்த இடம் வேறு. பரம்பரையாக வரும் துப்பாக்கிக்கும் இரண்டு என்ற வரம்பு பொருந்தும். ஐயா காலத்து இரட்டைக் குழல், அப்பா வாங்கிய .22 ரைபிள், பெயரில் ஏற்கெனவே ஒரு ரிவால்வர் என்று இருந்தவர், ஒரு வருடத்துக்குள், அதாவது 2020 டிசம்பர் 13-க்குள், ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காமல் வளவு வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்திருந்தால் அது இன்றைக்குச் சட்டவிரோத ஆயுதம். அதற்குச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை கவசம் ஆகாது. உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வாரிசு மாற்றம்தான் இங்கே அதிகமாக நிற்கும் ஃபைல். 2016 ஆயுத விதிகளின் 25-வது விதிப்படி, லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்த பிறகு மாற்றலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதாகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அப்போதும் மாற்றலாம். இந்த இரண்டாவது வழியை நம் ஊரில் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. பெரியவர் போன பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் எல்லாரிடமும் ஆட்சேபணையில்லை என்று நோட்டரி கையெழுத்து என்று அலைகிறார்கள். ஒரு பங்காளி கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவருக்கு வீட்டுப் பங்கில் மனத்தாங்கல். துப்பாக்கிக் கையெழுத்து வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பினால், அந்த ஒப்பத்தைப் பற்றிக் கேள்வி எழாது. பெரியவர் இருக்கும்போதே அவரையே கையெழுத்துப் போடச் சொல்லி மாற்றுவது இதைவிட எவ்வளவோ லேசு. இறந்த பிறகு மாற்றம் ஆகும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. 21-வது பிரிவின்படி ஸ்டேஷனிலோ கடையிலோ வைத்துவிட்டு ரசீது வாங்கவேண்டும்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் ஃபைல் இழுத்தால் இன்னொரு காரணம் இருக்கலாம். கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது, சுற்றுக் கிராமத்து மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். வனவிலங்குச் சட்டம் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் லைசென்ஸ்தாரர் வனத்துறையில் பெயர் பதிய வேண்டும். புது லைசென்ஸுக்கு முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு புதுப்பித்தலையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுத்தர் இதைச் சொல்லாமல் 'ரிப்போர்ட் வரலை' என்று மட்டும் சொல்வார். எந்த ரிப்போர்ட் என்று கேளுங்கள். போலீஸா, தாசில்தாரா, வனத்துறையா என்று தெரிந்தால்தான் எங்கே போய் நிற்பது என்று தெரியும். டெல்லியிலிருந்து இதை யாரும் கேட்டுச் சொல்ல மாட்டார்கள்.

தேர்தல் வந்தால் எல்லார் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் கொண்டுவந்து வை என்று உத்தரவு வரும். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் அப்படி இல்லை. மாவட்ட அளவில் கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கும் ஆய்வுக் குழு ஒவ்வொரு லைசென்ஸையும் பார்க்கவேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகியோரைத்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்லியிருக்கிறது. போட்டிகளில் கலந்துகொள்ளும் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் வீரர்களுக்கு விலக்கு உண்டு. வங்கிக் காவலர்கள் கிளை மேலாளரின் கடிதத்தோடு குழுவுக்கு முன்கூட்டியே விலக்கு கேட்டு மனுக் கொடுப்பது நல்லது, நோட்டீஸ் வந்த பிறகு ஓடினால் நேரம் பத்தாது. முடிவு வெளியாகி ஒரு வாரம் கழிந்ததும் துப்பாக்கியைத் திருப்பித் தரவேண்டும். தேசியச் சங்கம் உருப்படியாக ஒன்று செய்ய வேண்டுமென்றால் ஆணையத்தின் இந்த வழிகாட்டுதலை மாநில மொழிகளில் அச்சடித்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் அனுப்பலாம்.

ஒப்படைக்கும்போது செய்யவேண்டியது: ரசீதில் கம்பெனிப் பெயர், துப்பாக்கி எண், குழலின் நிலை மூன்றும் எழுதி வாங்குங்கள். குழலுக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, வெளியிலும் ஒரு கை தடவி, தோல் உறையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். தோல் ஈரத்தை இழுக்கும், இரண்டு மாதத்தில் இரும்பில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். துணியைக் குழலுக்குள் அடைத்து வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே குழலைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அதைப் பார்க்காமல் சுட்டால் குழல் வெடிக்கும்.

பழைய இங்கிலீஷ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து தோட்டாவில் இருக்கிறது. அந்தக் காலத்து 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 2½ அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது சுமார் 65 மில்லிமீட்டருக்கு, கடைந்தது. இப்போது கடையில் கிடைப்பதில் 70 மில்லிமீட்டரும் உண்டு. சுடுமுன் அது அறைக்குள் சரியாகவே உட்காரும், அதுதான் வினை. சுட்டதும் தோட்டாவின் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் ஏறும். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். அறையின் நீளமும், நைட்ரோ மருந்துக்கு, அதாவது புகையில்லாத வெடிமருந்துக்கு, சோதித்த முத்திரையும் அங்கேதான் இருக்கும். குழலில் பாம்புத்தோல் போல வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல், பெரும்பாலும் கருமருந்து காலத்துச் சரக்கு. நைட்ரோ முத்திரை இல்லாவிட்டால் அதில் புதுத் தோட்டா போடவே கூடாது.

இந்த மாதிரி விஷயங்களைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லித்தர ரைபிள் கிளப்தான் சரி. தேசியச் சங்கமா, கிளப்பா, ஒன்றுக்குத்தான் காசு என்றால் கிளப்பில் கட்டுங்கள். இங்கிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் போய் வரலாம், இரண்டு ஊரிலும் கிளப் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிளப் உறுப்பினர் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைபிளுக்கு, இரண்டு துப்பாக்கி வரம்பிலிருந்து 3(3) பிரிவு விலக்கு தருகிறது. இரண்டுக்கும் காசு இருந்தால் இரண்டிலும் சேருங்கள்.

தேசியச் சங்கத்தில் சேருமுன் சங்கப் பதிவு எண், துணைவிதிகள், கடைசி ஆண்டின் தணிக்கைக் கணக்கு மூன்றையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சந்தாவில் சட்ட உதவி அடங்குமா, வக்கீல் செலவு தனியா என்று எழுத்தில் கேளுங்கள். 'லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்' என்று சொன்னால் அது சங்கமல்ல, புரோக்கர்.

லைசென்ஸ் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். செட்டிநாட்டில் பாதி வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன, நிலைக்கதவையே பெயர்த்து விற்கும் ஊர் இது. முகவரி, துப்பாக்கி வகை, எண் மூன்றும் உள்ள ஒரு காகிதம் திருடனுக்கு எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல் மாதிரி. விண்ணப்பத்துக்கு நகல் கேட்டால் முகவரியையும் துப்பாக்கி எண்ணையும் மறைத்து அனுப்புங்கள். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ரீல்ஸ் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 திருத்தத்தில் ஆயுதச் சட்டத்தில் சேர்ந்த 25(9) பிரிவுப்படி கொண்டாட்டச் சூட்டுக்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோ நீங்களே கொடுத்த சாட்சி.

சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு துப்பாக்கியை ஊர் வீட்டில் காவலாள் பொறுப்பில் விட்டிருப்பவர்கள், சங்கப் படிவத்தை நிரப்புமுன் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். காவலாளின் பெயர் அதில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கையில் துப்பாக்கி இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் மேலும் உங்கள் மேலும் வழக்குப் போடலாம். பெயரைச் சேர்க்க மனுக் கொடுங்கள், அதுவரை துப்பாக்கியைக் கடையில் பாதுகாப்புக்கு வைத்து ரசீதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.