விண்ணப்பம் அனுப்ப வேண்டாம்

"கேட்காமல் வரும் விண்ணப்பங்களை நாங்கள் ஏற்பதில்லை." அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்காகப் பணம் தேடுகிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றின் வெப்சைட்டில் தாத்தாவின் போட்டோ, அதற்குக் கீழே இந்த வரி, அவ்வளவுதான். பல அறக்கட்டளைகளுக்கு வெப்சைட்டே கிடையாது.

நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு கிராண்ட், அதாவது நன்கொடை கேட்கும் விண்ணப்பம், எழுதிக் கொடுக்கிறேன். கார் ஓட்ட முடியாத வயதானவர்களை டயாலிசிஸுக்கும் கண் டாக்டரிடமும் கூட்டிப் போய், வீட்டில் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அதன் வேலை. பஸ் எட்டிப் பார்க்காத மூன்று கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள், கார் அவர்களுடையது. எங்கள் ஆண்டு வரவில் கணிசமான பங்கு, மேலே சொன்ன வரியை எழுதி வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடமிருந்துதான் வருகிறது. "யாரைப் பிடித்தாய்?" என்று இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். யாரையும் பிடிக்கவில்லை, அவர்கள்தான் எங்களைத் தேடி வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதற்கு முன்னால், ஏன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான குடும்ப அறக்கட்டளைகளில் சம்பளத்துக்கு ஆளே கிடையாது, அல்லது ஒருவர் இருவர்தான். ஒருவர் தொழிலை விற்றிருப்பார், பணத்தை அறக்கட்டளையில் போட்டிருப்பார், அவருடைய பிள்ளைகளும் மருமகள்களும் அறங்காவலர்கள். கணக்கு பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர். இந்த நிலையில் கதவைத் திறந்து வைத்தால் குவிகிற விண்ணப்பங்களை யார் படிப்பது? திறந்த கதவு என்று சொல்லிக்கொள்ளும் சில இடங்களுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதி, இணைப்புகள் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கடைசியில் பட்டியலைப் பார்த்தால் போன வருடம் வாங்கிய அதே பெயர்கள். அதற்கு முதலிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறவர்கள் எவ்வளவோ மேல். என் வாரக் கடைசியாவது மிஞ்சும்.

கதவு சாத்தியிருந்தாலும் பணம் உள்ளேயே தூங்க முடியாது. இந்தக் குடும்ப அறக்கட்டளைகள் சட்டத்தில் தனியார் அறக்கட்டளைகள் என்ற வகை; அவற்றுக்கான கடுமையான விதிகள் 1969 வரிச் சட்டத்தில் வந்தவை. ஒவ்வொரு வருடமும் முதலீட்டுச் சொத்தின் சராசரி மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிக்காகச் செலவிட்டாக வேண்டும். 2 கோடி டாலர் சொத்து இருந்தால் ஏறக்குறைய 10 லட்சம் டாலர், அடுத்த வருடம் முடிவதற்குள். தவறினால் கொடுக்காமல் விட்ட தொகைக்கு 30 சதவீத அபராத வரி. நிர்வாகச் செலவும் அந்த 5 சதவீதத்தில் சேரும் என்பது எனக்குப் பிடிக்காத சங்கதி, ஆனால் சட்டம் அப்படித்தான். ஆக, கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்ய முடியாது. யாருக்கு என்பது மட்டும்தான் அவர்கள் கையில்.

யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைக்கவும் முடியாது. தனியார் அறக்கட்டளைகள் வரித்துறைக்குத் தரும் படிவம் 990-பி.எஃப். பொது ஆவணம், புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். என் வேலையில் பாதி இதைப் படிப்பதுதான். முதல் பக்கத்துக் கூட்டல் கழித்தலைப் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். பின்னால் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: "முன்பே தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கிறோம், கேட்காமல் வரும் கோரிக்கைகளை ஏற்பதில்லை" என்றால் அதில் டிக் அடிக்க வேண்டும். டிக் இருக்கிறதா, சரி, அப்புறம் நன்கொடைப் பட்டியல். அங்கே என் கண் தொகையைத் தேடாது, நோக்கம் என்ற பத்தியைத்தான் தேடும். "பொதுச் செயல்பாட்டுக்கு" என்று வரிசையாக இருந்தால், அந்த நிறுவனங்களை நம்பிக் கையில் பணத்தைக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். நாலைந்து வருடப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் தொடர்ந்து வாங்குகிறார்கள், புதுப்பெயர் எப்போது நுழைந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு புதுப்பெயர்கூட நுழையாத பட்டியல்களும் உண்டு. அவற்றை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் விஷயத்தில் வழி போட்டவர் வட்டாரச் சமூக அறக்கட்டளையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. சமூக அறக்கட்டளை என்பது வேறு வகை. ஊர்க்காரர்கள் பலர் போடும் பணத்தைச் சேர்த்து வைத்து அதே வட்டாரத்துக்குக் கொடுப்பது. முதலாவது 1914-இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. இந்த அலுவலகங்களுக்கு யார் நன்றாக வேலை செய்கிறார்கள், யார் அறிக்கை மட்டும் நன்றாக எழுதுகிறார்கள் என்பது அத்துப்படி. ஆள் இல்லாத குடும்பங்கள் அவர்களிடம்தான் விசாரிக்கும்.

ஒரு நாள் அந்தக் குடும்பத்து மூத்த மகள் போன் செய்து, "உங்கள் ட்ரிப் ஒன்றில் நானும் வரலாமா?" என்று கேட்டார். பயணியின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு வரச் சொன்னோம். முன் சீட்டில் பயணி, பின் சீட்டில் இவர், மடியில் ஒரு நோட்டு. எத்தனை பேருக்கு உதவினீர்கள், என்ன விளைவு என்று கேட்பார் என நான் எண்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: "விடியற்காலையில் டிரைவர் வர முடியாது என்று சொன்னால் போனை எடுப்பது யார்?"

எங்கள் நிறுவனத்தின் உயிர்நாடி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. போனை எடுப்பவர் எங்களிடம் சம்பளம் வாங்கும் ஒருங்கிணைப்பாளர். திட்டத்துக்கென்று வருகிற கிராண்ட் எதுவும் அவர் சம்பளத்தை முழுசாகத் தாங்காது. "நிர்வாகச் செலவு" என்று ஒதுக்கிவிடுவார்கள். பெட்ரோல் காசிலும் இதே தலைவலி. தன்னார்வலர் அறப்பணிக்காக ஓட்டுகிற மைலுக்கு வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடிவது 14 சென்ட்தான். அந்த எண் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் 1998 முதல் அசையவில்லை. வியாபாரத்துக்கு ஓட்டினால் 2025-இல் மைலுக்கு 70 சென்ட். டயாலிசிஸுக்கு ஆள் ஏற்றிப் போகிறவருக்கும் பிரின்டர் விற்கப் போகிறவருக்கும் ஒரே பெட்ரோல்தான், இல்லையா?

பிறகு வந்த பணத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லை. மூன்று வருட வாக்குறுதி, எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். எங்களிடம் கேட்டது ஒரு பக்கக் கடிதம், போன வருடக் கணக்கு, வருடத்துக்கு ஒரு முறை போனில் பேச்சு. விண்ணப்பம் இல்லாத இடத்தில் காகிதம் இவ்வளவு குறையும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தொகையை அவர்கள் வேண்டுமென்றே அளவோடு வைத்தார்கள், அதற்கும் ஒரு கணக்கு. எங்களைப் போன்ற நிறுவனம் பொதுமக்களின் ஆதரவில் நடப்பதாக வரித்துறைக்குக் காட்ட வேண்டும். 5 வருட வரவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொது ஆதரவாக இருப்பது வழக்கமான அளவுகோல். ஒரு தனி நபரோ குடும்ப அறக்கட்டளையோ தந்ததில், மொத்த வரவின் 2 சதவீதம் வரைதான் பொது ஆதரவில் சேரும். 5 வருட வரவு 10 லட்சம் டாலர் என்றால், அவர்கள் 1 லட்சம் கொடுத்திருந்தாலும் 20 ஆயிரம்தான் எண்ணப்படும். ஒரே கையிலிருந்து கொட்டினால், பொதுமக்கள் ஆதரவில் நடக்கும் நிறுவனம் என்ற எங்கள் தகுதிக்கே ஆபத்து. "மற்றவர்களிடமும் கேளுங்கள்" என்று அந்த மூத்த மகள் சொன்னது இதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் ஆண்டு விருந்துக்கு அவர்கள் அறக்கட்டளைப் பெயரில் ஸ்பான்சர் செய்தார்கள். ஸ்பான்சருக்கு ஒரு மேஜை உண்டு. மேஜை வேண்டாம் என்று எழுத்தில் பதில் வந்தது. அறக்கட்டளைப் பணத்தில் குடும்பத்தார் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டாலும் சுயலாபம் என்று ஆகிவிடும். வந்தார்கள், சொந்த செக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு நெருடுகிறது. அந்தச் சமூக அறக்கட்டளை அம்மாவுக்கு எங்களைத் தெரிந்திருந்தது. தெரியாத நிறுவனம் என்ன செய்யும்? சர்ச் ஹாலில் மாலையில் அகதிகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் குழுவின் பெயரை யார் எடுத்துச் சொல்வார்கள்? அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவியும் பெரும் கொடையாளருமான மெக்கென்சி ஸ்காட் விண்ணப்பம் வாங்காமலே கொடுத்துப் பழகியவர். 2023-இல் ஒரு முறை கதவைத் திறந்தார். 6,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விண்ணப்பித்தன. 250 நிறுவனங்களுக்கு என்று தொடங்கியது, 2024-இல் 361 நிறுவனங்களுக்கு 64 கோடி டாலராக முடிந்தது. அதிலும் ஆண்டு பட்ஜெட் 10 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் நுழைய முடியாது. எங்களுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. கதவைச் சாத்தலாம், தப்பில்லை. சாத்தினால், தேடிப் போகிற வேலை மொத்தமும் கொடுப்பவர் தலையில்தான் விழ வேண்டும். பல குடும்பங்கள் அதைச் செய்வதில்லை, தெரிந்தவர் வட்டத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

அடுத்த தலைமுறையும் ஒரு கவலை. பேரப்பிள்ளைகள் வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்கள் போர்டுக்கு வந்ததும் பணம் அவர்கள் ஊருக்குப் போனால் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் மூன்று வருடம் அடுத்த டிசம்பரில் முடிகிறது. வெளியே காட்டிக்கொள்ளாமல் இப்போதே வேறு பட்டியல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் வருடாந்தர போனில், "நாங்கள் பார்க்காமல் விட்டவர்கள் யார்?" என்று மூத்த மகளே கேட்டார். அந்த ஆங்கில வகுப்புக் குழுவின் பெயரைச் சொன்னேன். "போட்டிக்கு ஆளை நீயே கூப்பிடுகிறாயா?" என்று எங்கள் பொருளாளர் முகம் சுளித்தார். குழுவை நடத்துகிறவரின் நம்பரைக் கேட்டு வாங்கி அனுப்பிவிட்டேன். புதன்கிழமை வகுப்பு நேரத்தில் போனால் நல்லது என்றும் சேர்த்து எழுதினேன்.